பழைய அலுமினிய டிரெய்லர் கேரவனுக்கு நாமளே பெயிண்ட் அடிக்கலாமா? எந்த பெயிண்ட் நிக்கும்? வண்டி புளியரைல நிக்குது, ஆலிவ் கிரீன் அடிக்க ஆசை.

அடிக்கலாம் அண்ணாச்சி. ஆனா எந்த பெயிண்டுன்னு பாக்குறதுக்கு முன்னாடி எந்த மாசம்னு பாருங்க. வண்டி புளியரைல நிக்குதுன்னு போட்டிருக்கீங்க, நான் செங்கோட்டைல பஸ் பாடி பெயிண்டிங் பாக்குறவன், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் வந்துகிட்டே இருக்கும், அப்ப ஸ்ப்ரே கன்னைக் கையில எடுக்கவே கூடாது. வெயில் அடிச்சாலும் காத்துல ஈரம் இருக்கும், தின்னர் ஆவியாகும்போது தகடு குளுந்து அந்த ஈரம் மேல படிஞ்சு, அடிச்ச கலரு பால் ஊத்துன மாதிரி வெளுத்துரும். பிப்ரவரி, மார்ச்ல பனி நல்லா காஞ்சதும் ஆரம்பிங்க.

அலுமினியத்தை எவ்வளவு தேய்ச்சாலும் காத்து பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் திரும்ப வந்துரும், அதுமேல நேரா எனாமல் அடிச்சா நகத்தாலயே உரிக்கலாம். முதல்ல சோப்புத்தண்ணி, அப்புறம் தின்னர் துணியால எண்ணெய்ப்பசை போகத் துடைச்சுட்டுத்தான் தேய்க்கணும், இல்லேன்னா பசை கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஸ்காட்ச் பிரைட் நார், இல்லேன்னா 320 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போதும். இரும்பு வயர் பிரஷ் வேணவே வேணாம், அந்தத் தூள் தகட்டுல பதிஞ்சு பெயிண்டுக்கு அடியில துரு கிளம்பும். தேய்ச்ச அன்னைக்கே டூ-பேக் எபாக்ஸி பிரைமர், அதாவது ஹார்டனர்னு இறுக வைக்கிற ரெண்டாவது டப்பாவைக் கலந்து அடிக்கிற அடிக்கோட்டு, அடிச்சிரணும். ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் அடிச்சு அதுமேல எபாக்ஸி அடிக்கச் சொல்லுவாங்க, டப்பாவுல கம்பெனிக்காரனே போடலாம்னு எழுதியிருந்தா மட்டும் பண்ணுங்க, எட்ச்ல உள்ள ஆசிட் பல எபாக்ஸியை இறுக விடாது.

பழைய வண்டில உண்மையான தலைவலி ஜாயிண்ட்தான். ஜன்னலைச் சுத்தி யாராவது எப்பவோ சிலிகான் அப்பியிருப்பாங்க, அதைச் சுரண்டாம அடிச்சா அங்க மட்டும் பெயிண்ட் விலகி குழிகுழியா நிக்கும். ஸ்க்ரூ தலையைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்திருந்தா அது பெரும்பாலும் இரும்பு ஸ்க்ரூ, கழட்டிட்டு அலுமினிய ரிவெட் அடிங்க, இடுக்குக்கு பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்க, அதுமேல பெயிண்ட் பிடிக்கும்.

மேல் கோட்டுக்கு டூ-பேக் பியூ பெயிண்ட். ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் இருக்கு, கர்சீஃப் கட்டிக்கிட்டு அடிக்கிறது எங்க ஆளுங்க வழக்கம், நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். தேய்ப்பெல்லாம் நீங்க பண்ணிட்டு கன் வேலையை மட்டும் ஏர்லைன் மாஸ்க் (குழாய் வழியா சுத்தக் காத்து வர்ற மாஸ்க்) இருக்குற பட்டறைல விட்டுருங்க.

அப்புறம் நீங்க ஆசைப்படுற ஆலிவ் கிரீன், அது ஆகாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121-வது விதிப்படி அந்தக் கலர் ராணுவ வண்டிக்கு மட்டும்தான். வேற கலர் மாத்துனாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில ஏத்திக்கோங்க, கேரளா பக்கம் போக வர செக்போஸ்ட்ல நின்னு கதை சொல்ல வேணாம்.