ராணி கி வாவ்: மண்டபங்கள் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குஜராத்தின் பாடன் நகரிலுள்ள ராணி கி வாவ் என்னும் படிக்கிணறு பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். நீர் மொள்ள ஒரு கிணறும் படிகளும் போதுமே. ஏழு தளங்களும் தூண் மண்டபங்களும் இத்தனை சிற்பங்களும் அரச ஆடம்பரம் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மண்டபங்கள் இல்லையென்றால் சுவர்கள் நிலைத்திருப்பது கடினம். குஜராத்தில் மழை சில மாதங்களே பெய்யும். அதன்பின் மேலேறி நிற்கும் நிலத்தடி நீர் கோடையில் வெகு ஆழத்துக்குப் போய்விடும். நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் மக்கள் நடந்தே அதை அடைய வேண்டும் என்பதற்காக, ஏறத்தாழ 64 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 27 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளத்தை அங்கே வெட்டினார்கள். அத்தனை ஆழத்தில் இரு பக்கத்து மண்ணும் சுவர்களை ஓயாமல் உள்ளே தள்ளும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே குறுக்காக நிறுத்திய தூண்களும் உத்திரங்களும்தான் அந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன. இறங்கி வருபவர்கள் இளைப்பாற நிழலும் அவற்றாலேயே கிடைக்கிறது. கிழக்கிலிருந்து இறங்கும் படிகள் சதுரமான ஒரு குளத்தில் முடிய, அதற்கப்பால் மேற்குக் கோடியில் 10 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு இருக்கிறது.

சிற்பங்களுக்கு வேறு காரணம் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் சோலங்கி அரசன் முதலாம் பீமதேவனின் நினைவாக அரசி உதயமதி எடுப்பித்தது இது. கணவனின் நினைவை ஊரார் குடத்தோடு வந்துபோகும் இடத்தில் அவர் வைத்ததை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீரைப் புனிதமாகக் கருதியவர்கள் பூமிக்குள் இறங்கும் ஒரு கோயிலாகவே இதைக் கட்டினார்கள். கிணற்றுச் சுவரில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார், பக்கச் சுவர்களில் தசாவதாரமும் தவம் செய்யும் பார்வதியும் உள்ளன. நான் அதிகநேரம் நின்று பார்த்தது, குளித்து முடித்துக் கூந்தலைப் பிழியும் ஒரு பெண்ணின் சிற்பத்தை: சொட்டும் நீர்த்துளிகளை முத்தென்று எண்ணி அன்னம் ஒன்று அவள் காலடியில் அலகை உயர்த்தி நிற்கிறது. நீர்நிலையின் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த அலகின் கூர்மைகூட மழுங்காமல் இருப்பதற்குச் சரஸ்வதி ஆற்றின் வெள்ளம் காரணம். அது கொண்டுவந்த வண்டல் படிக்கிணற்றை நிரப்பிப் பல நூற்றாண்டுகள் மூடியிருந்தது. 1980களில் இந்தியத் தொல்லியல் துறை அதை முழுமையாக அகற்றிய பிறகே இவை வெளிச்சத்துக்கு வந்தன. 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.