இருமுறை சுட்ட பிஸ்கோத்தி சர்க்கரை நோயாளிக்கு ஏற்றதா?

கேள்வி: எனக்கு வயது 61. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். இங்கே கிடைக்கும் 'கான்டுச்சி' என்ற பாதாம் பிஸ்கோத்தி, வெண்ணெய் இல்லாமல் இருமுறை சுடப்படுவதால் ரஸ்க் போல லேசானது என்கிறார்கள். தினமும் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் இருக்கும் டஸ்கனி பகுதிதான் கான்டுச்சிக்குப் பெயர் பெற்றது, பிராட்டோ நகரில் அன்டோனியோ மட்டேயி 1858-இல் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை, தோல் நீக்காத பாதாம் ஆகியவற்றைப் பிசைந்து, நீளமான கட்டியாக உருட்டிச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சாய்வாக வெட்டி, மறுபடியும் அடுப்பில் வைப்பார்கள். இரண்டாவது சூட்டில் வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. சர்க்கரையும் மாவும் அப்படியே தங்கிவிடுவதால், எடைக்கு எடை பார்த்தால் ரொட்டியைவிட இதில் கலோரி மிக அதிகம். பல நாள் கெடாமல் இருப்பதற்கும் அந்த வறட்சியே காரணம்.

சிறிய துண்டுகள் மூன்று ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். அதில் சுமார் 130 கலோரியும் 20 கிராம் கார்போஹைட்ரேட்டும் உண்டு. அந்தக் கார்போஹைட்ரேட்டில் பாதி, அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, சர்க்கரை. வெண்ணெய் சேர்க்காத பழைய முறையில் கொழுப்பு பெரும்பாலும் பாதாமிலிருந்தும் முட்டையிலிருந்தும் வருவது, அது நல்லதுதான். ஆனால் மூன்று துண்டுகளில் நான்கைந்து பாதாம் இருந்தாலே அதிகம். அதைக் காட்டி இதைச் சத்துணவு என்பதை நான் ஏற்கமாட்டேன். காபிக் கடைகளில் விற்கும் பெரிய துண்டுகளில் வெண்ணெய், சாக்லேட் எல்லாம் சேரலாம் என்பதால், பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். கருகலாகச் சிவந்ததைவிடப் பொன்னிறமானது மேல். மாவுப் பண்டம் கருகக் கருக அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும்.

டஸ்கனியில் விருந்துக்குப் பின் இதை 'வின் சான்டோ' என்னும் இனிப்பு ஒயினில் தோய்த்துத் தின்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம்: சில சர்க்கரை மாத்திரைகளுடன் மது சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். சர்க்கரை போடாத காபியில் தோய்த்தால், கடினமான துண்டைக் கடித்துப் பல்லையோ, கட்டிய பல்லின் உறையையோ உடைத்துக்கொள்ளும் அபாயமும் குறையும்.

ஆகவே தினமும் வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள், ஒன்றிரண்டு சிறிய துண்டுகளை, மாலைச் சிற்றுண்டிக்குக் கூடுதலாக இல்லாமல் அதற்குப் பதிலாகவே சாப்பிடலாம். முதல் முறை சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவைத்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.