கடலே வேண்டாமென்று படிக்கவைத்த மகள் கடலையே படிக்கக் கேட்கிறாள்

அம்மா, வணக்கம். நீங்கள் அனுப்பியிருந்த குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். "கடல்ல நாங்க பட்ட பாடு எங்களோட போகட்டும்னுதான் இவளப் படிக்க வச்சேன், இவ என்னடான்னா கடல் ஆராய்ச்சிதான் பண்ணுவேங்குறா" என்று சொல்லும்போது உங்கள் குரல் அடைத்துக்கொண்டது. அந்த இடத்தை என்னால் கடந்து போக முடியவில்லை. உங்கள் பயம் நியாயமான பயம். அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுமையாகப் படியுங்கள், பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அவள் கேட்பது வலை இழுக்கிற வேலை இல்லை. அவள் சொன்ன ஆவுளியாவையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் ஆவுளியா, புத்தகத்தில் கடல்பசு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை கடல் தாழையை, அதாவது கடலடியில் வளர்கிற புல்லைத் தின்கிற பிராணி. மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும் என்பதால் வலையில் சிக்கினால் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகும். சில வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அதனால் ஒன்று செத்தாலும் அந்த இழப்பு ஈடாக ரொம்ப காலம் ஆகும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பிராணிக்கென்று அறிவித்த முதல் பாதுகாப்பகம் அதுதான். அங்கே என்ன தாழை எங்கே வளர்கிறது, எந்த மாதம் கருகுகிறது, இழுவை மடி (விசைப்படகு இழுத்துப் போகிற வலை) உழுதுவிட்டுப் போன இடத்தில் திரும்ப முளைக்க எவ்வளவு காலம் ஆகிறது, மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விடுகிற மீனவர் இழக்கிற வலைக்கு யார் பதில் சொல்வது, இதையெல்லாம் கணக்கெடுத்து எழுத ஆள் வேண்டும். தஞ்சாவூர்க் கடலோரத்தில் ஓம்கார் என்ற அமைப்பு மூங்கில் சட்டத்தில் தேங்காய்க் கயிறு கட்டி அதில் தாழையை நட்டு, கடலுக்கடியில் வைத்து மீட்டெடுத்திருக்கிறது. மூங்கிலும் கயிறும் யாருக்கும் கிடைக்கும். எந்த ஆழத்தில், எந்தச் சேற்றில், எந்தக் காற்றுக் காலத்தில் வைத்தால் பிடிக்கும் என்பதில்தான் ஆராய்ச்சி இருக்கிறது.

இங்கேதான் உங்கள் மகளைப் பற்றி நான் சொல்லவேண்டியது வருகிறது.

வெப்பமண்டலக் கடல், காடு, கழிமுகம் பற்றிய ஆராய்ச்சியில் பாதி விஷயம் அங்கே வாழ்கிறவர்களின் தலைக்குள் இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று உங்கள் வீட்டுக்காரர் காற்றுக்குப் பெயர் சொல்லுவார், நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலை போடும் முன்னே சொல்லிவிடுவார். அதை இருபத்தைந்து வருடமாக ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். கட்டுரையின் கடைசியில் "உள்ளூர் மீனவர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கும். பெயர்கூட இருக்காது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கிருந்தவர்களால் கண்டுபிடிக்க முடியாமலிருந்த பர்மா மலைப்பாம்புகளைத் தடம் பார்த்தே பிடித்துக் கொடுத்தார்கள், 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனாலும் அந்த அறிவைக் கட்டுரையாக எழுதி அதன்மேல் தன் பெயரைப் போடுகிற இருளர் பிள்ளைகள், மீனவர் பிள்ளைகள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் மகள் அந்த எண்ணிக்கையில் ஒருத்தியாகட்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

அவளுக்கு இருக்கிற பலம் நகரத்துப் பிள்ளை பத்து வருடம் உழைத்தாலும் கிடைக்காதது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்து லெட்சுமி அக்காவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கடல்பாசி எடுக்கிறவர். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்கா வந்த பிறகு பாசிப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் எவ்வளவு உரசல் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் சீக்காலஜி என்ற அமெரிக்க அமைப்பு லெட்சுமி அக்காவுக்கு விருது கொடுத்தது. அந்த 12 நாள் கட்டுப்பாட்டால் பாசி எவ்வளவு கூடியது, வீட்டு வருமானம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொன்னால் அது பெரிய ஆராய்ச்சி. கடலட்டையையும் பாருங்கள். இங்கே 2001-லிருந்து பிடிக்கத் தடை, எதிரே இலங்கையில் அரசு உரிமம் கொடுத்துப் பிடிக்கிறார்கள். ஒரே கடல்தானே, எது சரி என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்குக் கோபமில்லாமல் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் நம்பி வாய் திறக்கிற ஒருத்தி கேட்டால்தான் அந்தக் கணக்கு உண்மையாக வரும்.

சரி, இப்போது படிப்பு. பாப்பா பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருப்பது நல்லது. நான் முதலில் விண்ணப்பிக்கச் சொல்வது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம், பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடம், நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. நாகப்பட்டினத்தில் இருக்கிற மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழே வருகிறது, தூத்துக்குடிக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிற பழைய கல்லூரி. அவள் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இதற்கும் உண்டு, நிறையப் பேர் அது மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் இருக்கிறது, அதற்கான சான்றிதழை இப்போதே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள், கடைசி வாரத்தில் அலையவேண்டாம். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரும்.

பி.எஃப்.எஸ்சி. கிடைக்கவில்லையென்றால் இடிந்துபோக வேண்டாம். பக்கத்தில் எந்த அரசுக் கலைக் கல்லூரியிலாவது விலங்கியல் எடுக்கட்டும், இளநிலையில் கல்லூரிப் பெயரைவிட மதிப்பெண்ணும் ஆங்கிலமும்தான் பின்னால் பேசும். முதுநிலைக்கு வரும்போதுதான் இடம் முக்கியம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரலாம், அங்கே அப்படி ஒன்று இருப்பதே உங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான். அப்புறம் டேராடூனில் இந்திய வனஉயிரின நிறுவனம். பாக் விரிகுடா ஆவுளியாவைப் பற்றிய பெரிய ஆய்வுத் திட்டத்தை நடத்தியது அவர்கள்தான். பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்கிற தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம் நடத்துகிற முதுநிலை வனஉயிரியல் படிப்பும் மிக நல்லது, ஆனால் ஒரு தடவைக்கு 15 பேர் மாதிரிதான் எடுப்பார்கள். அதை மட்டும் நம்பி ஒரு வருடத்தை வீணாக்கக் கூடாது.

வேலைக்கு வருகிறேன். மழுப்ப மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, இதில்தான் அது முக்கியம். நிரந்தர வேலை குறைவு. முதுநிலை முடித்த உடனே பெரும்பாலோருக்குக் கிடைப்பது திட்டப் பணி, ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், நல்ல திறமைசாலி, ஒரு நிறுவனத்தில் களப்பணியில் இருந்தபோது ஐந்து மாதம் சம்பளமே வரவில்லை. வாடகைக்கு அவள் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அந்தக் குடும்பத்துக்கு நான் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் முதலிலேயே சொல்கிறேன்: படிப்பு முடிந்து முதல் மூன்று, நான்கு வருடத்துக்கு அவள் சம்பாத்தியத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள், படகுக்கோ வீட்டுக்கோ.

இதற்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பெயரில் நடக்கிற நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால், முனைவர் பட்டம் படிக்கும்போதே முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் உதவித்தொகை. இந்தத் தேர்வை முதுநிலை கடைசி வருடத்திலேயே எழுதலாம். பாப்பா அதைக் குறியாக வைத்துப் படிக்கட்டும். இன்னொரு பக்கம், பி.எஃப்.எஸ்சி. படித்தவர்களுக்கு மாநில மீன்வளத் துறைப் பணிகளும், முதுநிலையும் முடித்தால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி இடங்களில் தேர்வு எழுதிப் போகிற விஞ்ஞானிப் பணியும் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் தலைமையகம் இப்போது கொச்சியில் இருந்தாலும் 1971 வரை நம் மண்டபத்தில்தான் இருந்தது. 2010-ல் கடல் விறாலைக் குஞ்சு பொரிக்க வைத்ததும் மண்டபம் நிலையத்தில்தான். ஏலம் நடக்கிற இடத்தில் நோட்டோடு நின்று எந்த மீன் எத்தனை கிலோ என்று குறித்துக்கொண்டு போகிறவரைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் எந்த மீன் குறைகிறது என்று நாடு முழுவதுக்கும் கணக்குப் போடுகிறார்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போதுமா, மாற்ற வேண்டுமா என்ற பேச்சுக்கும் அடிப்படை அந்த மாதிரிக் கணக்குகள்தான். அலை உயரம், காற்று வேகத்தை மீனவர் கைப்பேசிக்கு அனுப்புகிற செயலியை உண்டாக்கிய சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி தொண்டு அமைப்புகளிலும் வேலை உண்டு. சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் கற்றுக்கொள்ளலாம்.

இப்போதிருந்தே அவள் செய்யவேண்டியது மூன்று விஷயம். ஒன்று ஆங்கிலம். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசிக்கத் தெரியவேண்டும். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் எடுத்து, அகராதி வைத்து, தமிழில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது புள்ளியியல். உயிரியல் எடுத்த பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஓடுகிறார்கள், பிறகு முனைவர் படிப்பில் மாட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஆர் என்கிற இலவச மென்பொருளைக் கல்லூரி முதல் வருடத்திலேயே தொடங்கினால் கடைசி வருடத்தில் வேலை கொடுப்பவர்கள் தேடி வருவார்கள். மூன்றாவது, நீச்சல். கடற்கரையில் பிறந்த பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு நீந்தத் தெரியாது. ஆண் பிள்ளைகளைக் கடலில் தள்ளிவிட்டுப் பழக்குகிறோம், பெண் பிள்ளையைக் கரையிலேயே நிற்க வைக்கிறோம். இவளுக்கு அது தொழில். அப்பாவையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

"பொம்பளப் புள்ள, களத்துக்குத் தனியா எப்படிப் போவா" என்று கேட்டீர்கள். தனியாகப் போகக் கூடாது, எந்த நல்ல வழிகாட்டியும் தனியாக அனுப்ப மாட்டார். சேரும் முன்னே, அந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே படிக்கிற பெண்களிடம் பேசச் சொல்லுங்கள், வழிகாட்டி எப்படி நடத்துகிறார், படகில் யார் யார் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்கட்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். தப்பாக நினைக்கிற இடம் என்றால் அங்கே சேரவே வேண்டாம்.

நர்சிங் சேர்த்துவிடச் சொல்லும் உங்கள் அண்ணனிடமும் ஒரு வார்த்தை. நர்சிங் நல்ல படிப்பு, வேலையும் சீக்கிரம் கிடைக்கும், குடும்பத்துக்கு அடுத்த வருடமே இவள் சம்பளம் அவசியம் என்ற நிலைமை இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த நெருக்கடி இல்லை, மூத்தவன் சம்பாதிக்கிறான். நாலைந்து வருடம் தாங்க முடியும் என்றால் இவள் கேட்கிற பக்கமே போகட்டும்.

மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். பி.எஃப்.எஸ்சி. விண்ணப்பத்தையும் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தையும் ஒரே நாளில் போட்டுவிடலாம், நானும் கூட இருக்கிறேன். அதற்குள் பாப்பா ஒரு வேலை செய்யட்டும்: கரையில் ஒதுங்குகிற தாழையில் ஒவ்வொரு வகையையும் எடுத்துப் பழைய நோட்டில் ஒட்டி, அப்பா அதை என்ன பெயரில் சொல்லுகிறார் என்று பக்கத்தில் எழுதி வைக்கட்டும், தேதியோடு. அப்பாவின் பெயரையும் சேர்த்து.