முதல் விளையாட்டு மாநாடு: பட்ஜெட் எங்கே உடையும்?

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டில் நண்பர்களோடு போர்டு கேம் விளையாடி வருகிறேன். அடுத்த ஆண்டு நானும் என் தம்பியும் முதல்முறையாக வெளிநாட்டில் நடக்கும் நான்கு நாள் டேபிள்டாப் விளையாட்டு மாநாடு ஒன்றுக்குப் போக நினைக்கிறோம். நுழைவுக் கட்டணம் பெரிதாகத் தெரியவில்லை. அதைப்போல் ஐந்து மடங்கு சேர்த்து வைத்திருக்கிறேன், போதுமா? அங்கு மட்டும் கிடைக்கும் சிறப்புப் பதிப்புகளைக் கிரெடிட் கார்டில் கூடுதலாக வாங்கிவந்து விற்றால் பயணச் செலவே திரும்பிவிடும் என்கிறான் தம்பி. சரிதானா?

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். நீங்கள் பார்த்திருப்பது அந்தக் கால் பணத்தை மட்டும். விமானக் கட்டணத்தையும் சேர்த்தால் ஐந்து மடங்கு போதாது என்றே நினைக்கிறேன்.

சுமைகூலியில் பெரும்பங்கு அறை வாடகை. மாநாட்டு வாரத்தில் அரங்கைச் சுற்றியுள்ள ஓட்டல்களின் கட்டணம் ஏறிவிடும். ஏற்பாட்டாளர்கள் சில ஓட்டல்களோடு பேசிச் சலுகைக் கட்டணத்தில் அறைகளை ஒதுக்கி வைப்பதுண்டு. அவை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட்ஜ் எனப்படும் நுழைவு அட்டையின் விற்பனை, அறை ஒதுக்கீடு, நிகழ்ச்சி முன்பதிவு மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் தொடங்குபவை. அந்தத் தேதிகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். தொலைவில் மலிவாக ஓர் அறை கண்ணில் பட்டால், நள்ளிரவில் ஆட்டம் முடிந்து வாடகைக் காரில் திரும்பும் செலவையும் நான்கு இரவுகளுக்குக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் என்று நினைத்தது பல சமயம் அதிலேயே போய்விடும். அறையைப் பகிர்ந்துகொள்ள இன்னும் இரண்டு நண்பர்கள் கிடைத்தால், வேறு எந்தச் சிக்கனமும் அதற்கு ஈடாகாது.

அடுத்து, பேட்ஜ் வாங்கினால் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். எல்லா மாநாடும் ஒன்றல்ல. 1968இல் விளையாட்டு வடிவமைப்பாளர் கேரி கைகாக்ஸ் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் ஜென் கானில், பேட்ஜ் என்பது உள்ளே நுழையும் உரிமை. நேரம் குறித்து நடத்தப்படும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிக்கெட் வேண்டும். எந்த ஆட்டத்துக்கும் செல்லும் பொது டிக்கெட்டுகளும் உண்டு: முன்பதிவு செய்தவர் வராமல் நாற்காலி காலியாக இருந்தால், அதைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடந்துவரும் ஷ்பீல் வேறு மாதிரி. அது பெரிதும் புதிய வெளியீடுகளின் சந்தை. பதிப்பாளர்களின் அரங்குகளில் போடப்பட்ட மேசைகளில் இடம் பிடித்து விளையாடிப் பார்க்கலாம். பெரும்பாலும் தனி டிக்கெட் தேவையில்லை. முதல் வகையில் பணம் டிக்கெட்டில் கரையும், இரண்டாம் வகையில் விளையாட்டுப் பெட்டிகளில் கரையும்.

பெட்டிகள் என்றதும் கொஞ்சம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கண்காட்சிக் கூடத்தில் டெமோ மேசையில் உட்கார்கிறீர்கள். கற்றுக்கொடுப்பவர் விதிகளைச் சுருக்கிச் சொல்லி, உங்கள் கையில் நல்ல அட்டைகளாகக் கொடுத்து, இரண்டு மூன்று சுற்று ஆடவிடுகிறார். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில், அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று புன்னகையோடு நிறுத்திவிடுகிறார். எழுந்து திரும்பினால் அதே பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. பக்கத்தில் கார்டு இயந்திரம். இரண்டு மணி நேர ஆட்டத்தின் இழுபறியான கடைசி நாற்பது நிமிடத்தை எந்த டெமோவும் காட்டுவதில்லை. ஆகவே பெயரைக் குறித்துக்கொண்டு நகருங்கள், ஓர் இரவு கழிந்தபின் முடிவு செய்யுங்கள். அதற்குள் தீர்ந்துவிட்டால்? விட்டுவிடுங்கள். மாநாட்டில் முந்தி விற்கப்படும் புது வெளியீடுகளில் பல, சில வாரங்களிலோ மாதங்களிலோ கடைக்கு வந்துவிடும். கடைசி நாளில் சில பதிப்பாளர்கள், மீந்ததைத் திருப்பி அனுப்பும் செலவுக்கு அஞ்சி விலையைக் குறைப்பதும் உண்டு; அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பேட்ஜின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்து விளையாட்டு நூலகத்தில்தான் இருக்கிறது. பல மாநாடுகளில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அடையாள அட்டையையோ பேட்ஜையோ காட்டி ஒன்றை எடுத்து, காலி மேசையில் விரித்து முழு ஆட்டம் ஆடலாம். ஆட்கள் தேவை என்ற பலகையோ கொடியோ வைத்தால் முன்பின் தெரியாதவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். முதல்முறை போகிறவர் தினமும் பாதி நாளை இங்கே கழித்தாலே கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிடும். வீட்டுக்குப் போனபின் வாங்க வேண்டிய இரண்டு ஆட்டங்கள் எவை என்றும் தெரிந்துவிடும்.

கொள்முதலுக்கு என் கணக்கு: மொத்தப் பயணச் செலவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதைத் தனியாக ஒரு ப்ரீபெய்டு கார்டில் போட்டுக்கொள்ளுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். எடையும் செலவுதான். குளூம்ஹேவன் என்ற ஒரே பெட்டி சுமார் 10 கிலோ. சாதாரண வகுப்பில் பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் பயணப் பெட்டியின் எடையோ 23 கிலோ. கூடுதல் எடைக் கட்டணமும் உங்கள் நாட்டின் சுங்க வரியும் சேர்ந்தால் சலுகை விலை சலுகையாக இருக்காது. கார்டு இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் காட்டும் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் அதை நடத்துபவரின் லாபம் ஒளிந்திருக்கும்.

இனி தம்பியின் திட்டம். வேண்டாம். கெடுவுக்குள் கட்டாவிட்டால் கடன் வட்டி நிச்சயம், விற்பனை நிச்சயமில்லை. சிறப்புப் பதிப்புகளுக்குத் தலைக்கு ஒன்று என்று வரம்பு வைப்பதும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து மறுபதிப்பு. 1993இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் என்ற சேகரிப்புச் சீட்டாட்டத்தின் கதையைக் கேட்டிருப்பீர்கள். அதன் பழைய சீட்டுகள் சிலவற்றை 1995இல் குரோனிகிள்ஸ் என்ற தொகுப்பில் மறுபடி அச்சிட்டார்கள்; தங்கள் சீட்டுகளின் மதிப்பு குறையுமே என்று சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். மறுவருடம், குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்று பட்டியல் போட்டு நிறுவனம் வாக்குறுதி தர வேண்டியதாயிற்று. தம்பி வாங்க நினைக்கும் பெட்டிக்கு அப்படி யாராவது வாக்குறுதி தந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தன்னார்வப் பணி செய்தாலோ ஆட்டங்களை நடத்திக் கொடுத்தாலோ சில மாநாடுகளில் பேட்ஜ் கட்டணம் குறையும். ஆனால் முதல் வருடமே அதில் இறங்கினால் மாநாட்டைப் பார்க்க நேரம் மிஞ்சாது. அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வியாபார ஆசை தீராவிட்டால் ஒரு வழி இருக்கிறது. மாநாடுகளையொட்டிப் பழைய விளையாட்டுகளின் விற்பனை மேசைகளும், மேத் டிரேட் என்ற பண்டமாற்றும் நடப்பதுண்டு. கொடுக்க விரும்புவதையும் அதற்கு ஈடாக ஏற்கத் தயாராக உள்ளதையும் ஒவ்வொருவரும் பட்டியலிட, கணினி நிரல் பல கைகளைச் சங்கிலியாக இணைத்து மாற்றிவிடும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் நான்கு பெட்டிகளை அதில் போடச் சொல்லுங்கள். பட்டியல் மாநாட்டுக்குப் பல நாட்கள் முன்பே மூடப்பட்டுவிடும் என்பதால், எந்தப் பெட்டியில் எந்தக் காய் குறைகிறது என்று இப்போதே எண்ணி வைக்கட்டும்.