'ஆறு அங்குலத்துக்குச் சமம்' என்கிறாரே கடைக்காரர்?

கேள்வி: எங்கள் வீட்டுக்குச் சாய்வான ஓட்டுக் கூரை. அதன் கீழ் உள்ள பரணில் சாமான்கள் மட்டும் கிடக்கின்றன. வெயில் காலத்தில் பரண் கொதிக்கிறது. கீழ் அறைகளில் நள்ளிரவு வரை வெக்கை. ஒரு கடைக்காரர் 4 மி.மீ. கனமுள்ள அலுமினியக் குமிழித் தாளைக் காட்டி, '6 அங்குலக் கண்ணாடிக் கம்பளிக்குச் (வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இழை மெத்தை) சமம்' என்கிறார். இன்னொருவரோ, கூரை முகட்டில் காற்றில் சுழலும் டர்பைன் விசிறி ஒன்று வைத்தாலே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இருவரும் பாதி உண்மையை முழு விலைக்கு விற்கிறார்கள்.

'சமம்' என்று யாராவது சொன்னால், 'ஆர் மதிப்பு என்ன?' என்று கேளுங்கள். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. 100 மி.மீ. கண்ணாடிக் கம்பளிக்கு மெட்ரிக் அளவில் ஏறக்குறைய 2.5 வரும். உங்கள் குமிழித் தாளுக்கு, தாளை மட்டும் எடுத்துக்கொண்டால், 0.1 சொச்சம்தான். (அமெரிக்க அளவில் இதே எண்கள் 5.7 மடங்கு பெரிதாகத் தெரியும். எந்த அளவு என்பதையும் கேட்டுவிடுங்கள்.)

அதற்காகத் தாள் வீண் என்று சொல்ல மாட்டேன். சுட்ட ஓட்டிலிருந்து வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே கீழே இறங்குகிறது. பளபளப்பான அலுமினியம் அதை நன்றாகவே மட்டுப்படுத்தும். ஆனால் பளபளப்புக்கு முன்னால் 25 மி.மீ. அளவுக்காவது காற்றிடைவெளி வேண்டும். ஓட்டோடு ஒட்டிவிட்டால் அந்தப் பலன் போய்விடும். கைமரங்களின் அடியில், பளபளப்பு கீழ்நோக்கி இருக்கும்படி அடித்தால் தூசி படியாது. குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் காக்க இதை நம்பாதீர்கள்.

பரணில் யாரும் வசிக்காததால் பணத்தின் பெரும்பகுதி கம்பளிக்குப் போகட்டும். அதைப் பரண் தரையில் விரித்தால் போதும். அதன் மேல் பெட்டிகளை அடுக்கி அமுக்கிவிட்டால் கனம் குறையும், கனத்தோடு தடுக்கும் திறனும் போகும். பெட்டிகளுக்கான பலகையைக் கம்பளியைத் தொடாதபடி உயர்த்திப் போடுங்கள். மின்கம்பிகளைக் கம்பளிக்குள் புதைக்கக் கூடாது, சூடேறும். பரணைப் பின்னால் அறையாக்கும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு: கம்பளி கைமரங்களுக்கு இடையே ஏற வேண்டும், அதற்கு மேல் 50 மி.மீ. காற்றுவழி விட வேண்டும்.

இனி விசிறி. மேலே காற்று வெளியேற வேண்டுமானால் கீழே இறவாரத்தில் அது நுழைய வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் விசிறி பரண் கதவின் இடுக்கு வழியாக உங்கள் அறைக் காற்றையே உறிஞ்சும். நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று! பரண் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பு என்பது பரவலான கணக்கு: 60 சதுர மீட்டருக்கு 2,000 சதுர செ.மீ., பாதி இறவாரத்தில், பாதி முகட்டில். பூச்சி வலை அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். இறவாரத் திறப்பைக் கம்பளியாலேயே அடைத்துவிடும் வேலையாட்கள் உண்டு. அவர்கள் கிளம்பும் முன் மேலேறிப் பார்த்துவிடுங்கள்.

ரசீதில் பொருளின் பெயரோடு கனமும் ஆர் மதிப்பும் இருக்க வேண்டும். '6 அங்குலத்துக்குச் சமம்' என்பதையும் அதிலேயே எழுதித் தரும்படி முதல் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.