முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்: தற்காப்புக் கலை கேள்வி-பதில்

கராத்தே, குங்ஃபூ, சிலம்பம், பாக்ஸிங். இதில் எது பெஸ்ட்?
(ஊரும் வயதும் எழுதாத வாசகர்)

வயது இல்லை, எடை இல்லை, எதற்காகக் கற்கப் போகிறீர்கள் என்றும் இல்லை. இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வீட்டிலிருந்து அரை மணி தூரத்துக்குள் எந்த நல்ல ஆசான் இருக்கிறாரோ, அவர் சொல்லித் தருவதுதான் உங்களுக்குச் சிறந்த கலை. ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். மாணவனுக்கு அடிபட்டால் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் விவரமாக எழுதுங்கள்.

ஆறு வருடமாகக் கராத்தே. இப்போது சிலம்பம் சேர்ந்தால் பழையது கெட்டுப்போகுமா?
(கோவில்பட்டி வாசகர்)

கெடாது. ஆனால் முதல் மூன்று மாதம் கெட்டுப்போனது போலத்தான் தெரியும். முன்காலில் எடையை இறக்கி, இடுப்பைப் பூட்டி, நேர்கோட்டில் குத்திப் பழகியிருப்பீர்கள். சிலம்பக் காலடி அப்படி நிற்க விடாது. கம்பு சுற்றும்போது கால் நின்றுவிட்டால், அது உங்கள் கணுக்காலைத்தான் வந்து தட்டும். என்னிடம் வரும் கராத்தே மாணவர்கள் பலருக்கும் முதல் வாரமே இடது முழங்கை வரிவரியாகக் கன்றியிருக்கும். வலக்கை வீச்சு ஒழுங்காக வரும். கை மாற்றும்போது இடக்கை ஒரு நொடி பிந்தும், கம்பு மேலே விழும். இருபது நாளில் இது சரியாகிவிடும்.

கிடைக்கும் லாபம் தூரக் கணக்கு. வெறுங்கையில் இரண்டு மூன்று அடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கம்போடு நிற்பவர் ஆறேழு அடி தள்ளி நின்றே அடிப்பார். அங்கே அவர் தோள் அசைவைப் பார்த்தே அடி எந்தப் பக்கம் வரும் என்று கணிக்க வேண்டியிருக்கும். அந்தக் கண்ணோடு திரும்பக் கராத்தேயில் எதிராளியோடு மோதிப் பழகும் குமிட்டேவில் நின்று பாருங்கள். எதிராளி மெதுவாக வருவது போல இருக்கும். கராத்தேயிலிருந்து நீங்கள் கொண்டுபோவதும் சின்ன விஷயமில்லை. முழு வேகத்தில் போகும் அடியைத் தோலுக்கு ஓரங்குலம் முன்னால் நிறுத்தும் பழக்கம் கம்பு பிடித்தவனுக்கு ரொம்பவே தேவை.

ஒரு கலையில் மூன்று வருடமாவது ஊறாமல் அடுத்ததைத் தொடாதீர்கள் என்று எப்போதும் சொல்வேன். உங்களுக்கு ஆறு ஆகிவிட்டது. தாராளமாகச் சேருங்கள்.

டேக்வாண்டோவில் பிளாக் பெல்ட். பாக்ஸிங் போன முதல் நாளே மூக்கில் ரத்தம். நான் கற்றது வீணா?
(சேலம் வாசகர்)

வீணில்லை. டேக்வாண்டோ போட்டி விதியில் முகத்தில் குத்தக் கூடாது. தலைக்கு உதை மட்டும்தான். அதனால் கை இடுப்புப் பக்கம் இறங்கிவிடும். பாக்ஸிங்கில் அந்தக் கைக்கு வேலை கன்னத்துக்குப் பக்கத்தில். எந்த விதியில் பழகினோமோ அந்த விதி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கலையால் வரும் பெரிய நன்மையே, முதல் கலை திறந்து வைத்திருந்த கதவு எது என்று தெரிவதுதான். பல்லுக்கு மவுத்கார்டு போடாமல் ஸ்பாரிங், அதாவது ஆளோடு மோதிப் பழகுவது, வேண்டாம்.

ஏழு வயது மகள் பானைமேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கம்பு சுற்றும் உலக சாதனைக்குத் தயாராகிறாள். இரவில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். என்ன தைலம் தடவலாம்?
(திருப்பூரிலிருந்து ஒரு தாய்)

தைலம் வேண்டாம் அம்மா. பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு, நாளைக்கு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்த வயதில் மணிக்கட்டு எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பு. நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்தில் ஒன்பதாயிரம் முறை அதே மூட்டு, அதே திருப்பம். வலிக்காமல் என்ன செய்யும்?

சில வருடம் முன்பு இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனேன். மே மாதம், காலை பதினொரு மணி, சிமெண்ட் தரை. மூன்றாவது வரிசையில் ஒரு பையன். கம்பைச் சுற்ற முடியாமல் இரண்டு விரலில் ஆட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் அடியில் கொப்புளம் உடைந்து, அவன் பிடித்த இடத்தில் மூங்கில் ஈரமாக இருந்தது. கீழே வைக்கட்டுமா என்று அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவன் கையிலிருந்து கம்பை வாங்கிவிட்டேன். ஏற்பாடு செய்தவர்களுக்குக் கோபம். அதற்குப் பிறகு எந்தச் சாதனை மேடையிலும் நான் ஏறியதில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் கற்பது ஒரே ஒரு வீச்சு. பானைமேல் நின்றால் காலடி எங்கிருந்து வரும்? எதிராளி கிடையாது, தடுப்பு கிடையாது, வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை கிடையாது. சிலம்பம் என்று நம் தாத்தாக்கள் சொன்ன எதுவுமே அதில் இல்லை. அரசு வேலைக்கு உதவும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது உண்மை. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக இடம் பெற்றதும் உண்மை. ஆனால் ஒதுக்கீட்டுக்குக் கேட்பது அங்கீகாரம் உள்ள போட்டிகளில் வென்ற பதக்கத்தை. பணம் கட்டினால் தனியார் தரும் சாதனைச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லை.

கை தேறியதும், தினம் நாற்பது நிமிடம் காலடியும் எளிய அடவுகளும் சொல்லித் தரும் ஆசானைத் தேடுங்கள். மகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டும். அதுதான் அளவு.

வயது 52, மூட்டு வலி. களரி சேரலாமா, தாய் சி சேரலாமா?
(தஞ்சாவூர் வாசகி)

தாய் சி. களரியில் முதலில் பழகும் உடற்பயிற்சியான மெய்த்தாரி முழுக்கத் தாழ்ந்த நிலைகள். இந்த மூட்டோடு இப்போது தொடங்க வேண்டாம். 1956ல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசை உங்களுக்குப் போதும். ஆறு நிமிடம் போல ஆகும். முழங்காலை ரொம்ப மடக்காதீர்கள், பாதம் போகும் பக்கமே முழங்காலும் போகட்டும். வயதானவர்கள் தடுமாறி விழுவதை இது குறைக்கிறது என்று ஆய்வுகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

யூடியூபில் வர்மம் கற்று ஒரே தட்டில் ஆளைச் சாய்க்க முடியுமா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

முடியாது. வர்மம் என்பது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகள். பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்று ஆசான்மார் வருடக்கணக்கில் உடம்பைத் தொட்டுச் சொல்லித் தருவது. அதில் பெரும்பகுதி வைத்தியம். நண்பன் கழுத்தில் தட்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

கராத்தேயை உருவாக்கியது காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?
(வேலூர் மாணவர்)

போதிதர்மர் தென்னிந்தியர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. பாரசீகர் என்று இன்னொன்று. சீனாவின் ஷாவோலின் மடத்தில் அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டும் நூல் 1624 வாக்கில் வந்தது, அவருக்கு ஆயிரம் வருடம் பிந்தி. கராத்தே ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில், உள்ளூர் முறையும் தென் சீனத்து முறையும் கலந்து வளர்ந்தது. அங்கிருந்த ஆசான் ஃபுனகோஷி 1922ல் அதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். நம் கம்புக்கும் குத்துவரிசைக்கும் சொந்தப் பெருமை நிறைய உண்டு. அதைப் படியுங்கள்.

கம்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?
(இரண்டு வாசகர்கள்)

நின்றால் உங்கள் நெற்றி வரை. பருமன் ஓர் அங்குலத்துக்குள். விரிசல் விட்டதை அன்றே தூக்கிப் போடுங்கள்.

ஜூடோ சேர்ந்து ஒரு மாதம். இன்னும் விழ மட்டுமே சொல்லித் தருகிறார்கள். வேறு இடம் பார்க்கட்டுமா?
(பெங்களூரு, ஐடி ஊழியர், 34)

அந்த மாஸ்டரை விட்டுவிடாதீர்கள். 1882ல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் பள்ளியான கோடோகானைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியக் கலையான ஜுஜுட்ஸுவின் ஆபத்தான அடிகளை, எதிராளியோடு மோதிப் பழகும் ரந்தோரி பயிற்சியிலிருந்து ஒதுக்கிவிட்டு, முழு பலத்தோடு எறிந்து பழகும் முறையை வைத்தார். விழத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் அது நடக்கும். எந்தக் கலைக்காரர் வந்தாலும், சிலம்பக்காரர் உட்பட, இதை மட்டுமாவது ஜூடோவில் போய்க் கற்றுவாருங்கள் என்றே சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஈர மொசைக் படியில் எனக்குக் கால் வழுக்கியது. யோசிக்க நேரமில்லை. தாடை தானாக நெஞ்சில் ஒட்டியது, மூச்சு வெளியே போனது, முன்கை முழுக்கத் தரையில் அறைந்தது. எழுந்து பார்த்தால் உள்ளங்கை சிவந்திருந்தது, அவ்வளவுதான். பழக்கம் இல்லாதவர் கையைப் பின்னால் ஊன்றுவார், மணிக்கட்டு போய்விடும். அன்று மாலை வழக்கம்போல வகுப்பு எடுத்தேன்.

இன்னொன்று: வலப்பக்கம் விழுவது சீக்கிரம் வந்துவிடும், இடப்பக்கத்தைப் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். வலப்பக்கம் இருபது விழுந்தால் இடப்பக்கம் முப்பது விழுங்கள்.