உலக மந்தம்: லேத் பட்டறைக்கு முதல் அடி எங்கே விழும்?

கேள்வி: வியாசர்பாடியில் 5 ஆட்களோடு லேத் பட்டறை நடத்துகிறேன். வால்வு ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குக் கடைசல் வேலை). மாதம் 4 லட்சம் பில். உலகப் பொருளாதார மந்தம் வந்தால் ஆட்களைக் குறைக்கவா? கையிலுள்ள 7 லட்சத்தை, இறங்கிக் கிடக்கும் ஷேர்களில் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் ஆர்டர் கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டு வியாபாரி மாதம் 100 வால்வு விற்கிறார், 2 மாதச் சரக்காக 200 இருப்பு வைக்கிறார். விற்பனை 90 ஆனால் அவருக்கு 180 இருப்பே போதும். மிச்சமான 20-ஐ முதலில் தள்ளிவிடப் பார்ப்பார். அந்த மாதம் 70-க்குத்தான் ஆர்டர் வரும். அங்கே விற்பனை 10 சதவீதம் குறைய, இங்கே வேலை 30 சதவீதம் விழுகிறது. இருப்பு கரைந்ததும் ஆர்டர் 90-க்கு ஏறிவிடும். முதல் சரிவில் மெஷின் செட்டிங் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டால், ஏறும்போது, கம்பெனி திருப்பி அனுப்பும் ரிஜெக்‌ஷனில்தான் பணம் போகும். ஓவர்டைமை நிறுத்துங்கள், பிறகு, ஆட்களோடு பேசி வைத்துக்கொண்டு, வேலையை வாரம் 5 நாள் ஆக்குங்கள். (எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வரிசை குறைந்தாலே மந்தம் என்பார்கள். அந்த வரிசை துறைமுக கேட் நெரிசலையும் பொறுத்தது. கம்பெனி தரும் மாத ஷெட்யூலைப் பாருங்கள்.)

பட்டறைகளை மூட வைப்பது பெரும்பாலும் ஆர்டர் இல்லாமை அல்ல, வராத பாக்கி. இப்போது 30 நாளில் பணம் வந்தால் வெளியே நிற்பது 4 லட்சம். பில் 3 லட்சமாகக் குறைந்து, பணம் 75 நாள் இழுத்தால் 7.5 லட்சம் முடங்கும். வேலை குறைவு, முடக்கம் அதிகம்! பணம் வராத பில்லுக்கும் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். கேஷ் கிரெடிட் (சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் காட்டி வங்கியில் எடுக்கும் கடன்) இருந்தால் இன்னொரு சிக்கல்: 90 நாள் தாண்டிய பாக்கியை வங்கி பொதுவாகக் கணக்கில் சேர்க்காது, எடுக்கும் வரம்பு சுருங்கும். உங்கள் 7 லட்சம் இதற்குத்தான். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,000 அருகே விழுந்து, பழைய உயரத்துக்கு வர 2010 நவம்பர் ஆனது. கூலிப் பணம் அவ்வளவு காத்திருக்காது.

உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணை பில்லில் அச்சிடுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்குங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் 3 மடங்கு கூட்டு வட்டி. பாக்கி வராத சிறு தொழில்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். ஆனால் அதன்பின் அந்தக் கம்பெனி ஆர்டர் தரும் என்று எண்ண வேண்டாம். ஆகவே அது கடைசி ஆயுதம்.

மெஷின் கடன் இருந்தால் முதல் தவணை தவறும் முன்பே மேலாளரைப் பாருங்கள். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன்.

மந்தத்தில் புதிது வாங்குவது குறையும், ரிப்பேர் கூடும். ட்ரெய்லர் பின், புஷ் வேலைகளைப் பிடியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகளின் ஷாஃப்ட், பேரிங் வேலைகள் அப்போதுதான் நடக்கும். மார்ச்சிலேயே போய்ப் பேசுங்கள், பாதிப் பணம் முன்கூட்டியே கேளுங்கள்.